திட்டுக்காட்டில் ஊதிய விசில்

அன்று காலை ஓடைக்கரை மேட்டில் இருந்தவர்கள்:

பாரஸ்ட் கார்டு ஆண்டிச்சாமி. அவனுக்குக் கீழே வேலை பார்க்கும் வாட்சர் சேவுகன். சேவுகன் ஊருக்குள்ளிருந்து ஓட்டி வந்த கட்டை வண்டி, அதன் மாடுகள். மேட்டின் மறுகோடியில் நனைந்து நின்ற புள்ளிமான் கூட்டம். மான்களின் காலடியில் முயல்கள். ஒரு கீரி. கீரிக்கு எட்டும் தூரத்தில் ஒரு சாரைப்பாம்பு. கீரி அதைக் கவனிக்கவில்லை. அல்லது அன்றைக்கு அதற்கு மனம் இல்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம், காட்டுக்குள் இருந்தவர்கள்: மருதவயல் ராக்காயி, அவள் ஓரகத்தி ராசாத்தி, அடுத்த வீட்டு அமராவதி. விறகு பொறுக்கப் போனவர்கள்.

அவர்கள் உள்ளே இருப்பது சேவுகனுக்குத் தெரியும். ஆண்டிச்சாமிக்குத் தெரியாது.

திட்டுக்காடு வருடத்தில் பெரும்பாலும் திட்டு அல்ல. ஒரு பக்கம் வெள்ளாறு, மறுபக்கம் வெள்ளாறு எந்தக் காலத்திலோ விட்டுவிட்டுப் போன ஓடை. இரண்டிலும் மணல்தான் கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் ஆறு நிறைந்தால் ஓடையிலும் தண்ணீர் ஏறி, காடு தனியாக நிற்கும். இன்னும் ஏறினால் காட்டுக்குள்ளும் தண்ணீர் புகும். சமஸ்தானம் இருந்தபோது அது ராஜாவின் வேட்டைக்காடு. சமஸ்தானம் போனபின் சர்க்கார் காடு. மருதவயல் சனங்களுக்கு வித்தியாசம் அதிகம் தெரியவில்லை. முன்பு விறகு எடுத்தால் அடித்தார்கள். இப்போது அடித்துவிட்டு ரசீது கொடுத்தார்கள்.

அந்தக் கார்த்திகையில் புயல் அடித்து, மழை நாள்கணக்காகக் கொட்டி, அன்று விடியற்காலைதான் வெறித்திருந்தது. மருதவயலில் ஒரு வீட்டிலும் காய்ந்த சுள்ளி இல்லை. புயலில் முறிந்த கிளைகள் காட்டுக்குள் குவிந்து கிடந்தன. இந்த ஈரத்தில் கார்டு வரமாட்டான் என்று பெண்கள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு தப்பு.

கார்டு வந்தது ஜப்தி விறகுக்காக. ஜனங்களிடம் பிடுங்கிய விறகெல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கம், காட்டின் விளிம்பில் அடுக்கி வைத்திருந்தது. வெள்ளத்தில் ஒரு கட்டை போனாலும் அவன் தலையில் விடியும் என்று மேலதிகாரி பாரஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆகவே விடிந்ததிலிருந்து இருவரும் முழங்கால் தண்ணீரில் ஓடையைக் கடந்து, விறகைத் தோளில் சுமந்து வந்து மேட்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சேவுகன் ஒவ்வொரு நடைக்கும் திரும்பித் திரும்பிக் காட்டைப் பார்த்தான்.

"என்னடா பராக்கு? உள்ள ஒம் பொண்டாட்டியா இருக்கா?" என்றான் ஆண்டிச்சாமி.

"இல்லீங்க. தண்ணி ஏறுதான்னு பாத்தேன்."

"ஏறத்தான் செய்யும். ஒன்னயக் கேட்டுக்கிட்டா ஏறும்? தூக்கு."

தூக்கினான். வாயைத் திறந்தால் வேலை போய்விடும். பெண்களை உள்ளே விடுவது அவன்தான். அதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது. கார்டு வருவது தெரிந்தால் சேவுகன் முன்னால் நடந்து, அதிகாரக் குரலில் "ஏய், யாரு உள்ள?" என்று அதட்டுவான். அந்தக் குரல் கேட்டதும் பெண்கள் கட்டைக் கீழே போட்டுவிட்டுத் தாழம்புதருக்குள் படுத்துக்கொள்ள வேண்டும். கார்டின் விசில் கேட்டாலும் அதேதான். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் மூச்சுவிடக் கூடாது. கார்டு போய்ச் சேர்ந்து, காடு அடங்கிய பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். மருதவயலில் சின்னப் பெண்களுக்கும் இது தெரியும். சாணி தட்டப் பழகுவது போல இதையும் பழகினார்கள்.

தண்ணீரைப் பார்த்தால் தாங்களாகவே வந்துவிடுவார்கள், மேலே மணல் துறை வழியாக ஏறிப் போய்விடுவார்கள் என்று சேவுகன் தனக்குள் சொல்லிக்கொண்டான். விறகு முழுவதும் மேட்டுக்கு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டான். அதற்குள் ஓடைத் தண்ணீர் முழங்காலைத் தாண்டித் தொடைக்கு வந்திருந்தது.

அப்போது மேலூர்த் தலையாரி வந்தார். சேற்றில் உருளாத சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"கார்டய்யா! பெரிய கம்மா ஒடஞ்சிருச்சு! கீழ உள்ள கம்மாயெல்லாம் தாங்காது, வரிசையாப் போயிரும். மாட்ட ஓட்டிக்கிட்டு ஊருக்குப் போங்க!"

"எப்ப ஒடஞ்சுச்சு?"

"தண்ணி எனக்குப் பின்னாலதான் வருதுங்கிறேன், எப்பன்னு கேக்குறீங்களே!" அவர் நிற்கவில்லை. அடுத்த ஊருக்குச் சொல்ல ஓடினார்.

ஆண்டிச்சாமி நுகத்தடியைத் தூக்கினான். "பூட்டு. போவோம்."

சேவுகன் நகரவில்லை.

"செவிடா? பூட்டுடா."

"உள்ள ஆளு இருக்குங்க."

"எங்க உள்ள?"

"காட்டுக்குள்ள. ராக்காயி, ராசாத்தி, அமராவதி. விடியுமுன்னயே போயிருச்சுக."

ஆண்டிச்சாமி நுகத்தடியைக் கீழே போட்டான். கை ஓங்கியது. அடிக்க நேரம் இல்லை என்பது அவனுக்கே தெரிந்தது. அந்தக் கை கழுத்துக்குப் போய், கயிற்றில் தொங்கிய விசிலை எடுத்து வாயில் வைத்தது. பதினான்கு வருஷ வேலை. காட்டுக்குள் ஆள் என்றால் விசில். யோசித்துச் செய்யவில்லை. மூச்சுப் பிடித்து, நீளமாக, திரும்பத் திரும்ப ஊதினான்.

சேவுகன் பாய்ந்து அவன் கையைப் பிடித்தான். "ஊதாதீங்க! ஊதுனா படுத்துக்குவாளுக!"

"பெறகு எப்படிடா கூப்புடுறது? நீ கூப்புடு."

"நாங் கூப்புட்டாலும் படுத்துக்குவாளுக."

"ஏன்?"

சேவுகன் அந்த ஏற்பாட்டை இரண்டு வார்த்தையில் சொன்னான். ஆண்டிச்சாமிக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். பிறகு இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கத்தினான்.

"ஏ ராக்காயி! கம்மா ஒடஞ்சு தண்ணி வருது! வெளிய வாங்க!"

காடு அப்படியே இருந்தது. ஒரு கொக்குகூடக் கிளம்பவில்லை.

அவன் அப்படிக் கத்துவது முதல் தடவை அல்ல. ஆடி மாதம் இதே ஓடையில் நின்று, "ஏ ராக்காயி, ஒம் மகன் கெணத்துல விழுந்துட்டான், சத்தியமாச் சொல்றேன்" என்று கத்தினான். ராக்காயி மார்பில் அடித்துக்கொண்டு புதரிலிருந்து ஓடி வந்தாள். ஆண்டிச்சாமி அவள் அரிவாளுக்காகக் கையை நீட்டியபடி நின்றான். பையன் அப்போது வீட்டில் கூழ் குடித்துக்கொண்டிருந்தான். இதை ஆண்டிச்சாமி கடைத்தெருவில் சொல்லிச் சிரித்தான். பாரஸ்டரும் கேட்டுச் சிரித்தார். ராக்காயி அபராதம் கட்டினாள். அதற்குப் பிறகு அவன் கத்தி யாரும் வெளியே வந்ததில்லை.

"ஊருக்கு ஓடு. ஒடையப்பனைக் கூட்டியா. புருசங்காரன் கூப்புட்டா வருவாள்ல?" என்றான் ஆண்டிச்சாமி.

சேவுகன் ஓடினான்.

ஆண்டிச்சாமி காக்கிச் சட்டையைக் கழற்றி வண்டியில் எறிந்துவிட்டு, பனியனோடு ஓடையில் இறங்கினான். தண்ணீர் இடுப்புக்கு இருந்தது. அதில் இழுப்பும் இருந்தது. அந்தப் பக்கம் ஏறி, காட்டுக்குள் புகுந்தான்.

ஒளிந்திருப்பவர்களைத் தேடுவது அவனுக்குத் தெரிந்த வேலைதான். ஒற்றையடிப் பாதையை விட்டுவிட வேண்டும். மடங்கிய புல்லைப் பார்க்க வேண்டும். கட்டிப்போட்ட விறகு எங்கே கிடக்கிறதோ, அங்கிருந்து பத்திருபது எட்டுக்குள் ஆள் இருக்கும். கட்டுகள் ஒரு காரைச்செடி அடியில் கிடந்தன. மூன்று கட்டு. சுற்றிலும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் சத்தமில்லாமல் புல்லுக்குள் பரவிக்கொண்டிருந்தது. புதருக்கு வெளியே ஒரு பாதம் தெரிந்தது. பிடித்து இழுத்தான்.

அமராவதி அலறினாள். படுத்தபடியே கும்பிட்டாள். "அய்யா, அருவாள வச்சுக்குங்க, விட்டுருங்க அய்யா, இனிமே வரமாட்டேன்."

"அருவாளும் வேணாம் மயிரும் வேணாம். எந்திரி, ஓடு!"

அவள் எழுந்திருக்கவில்லை. அரிவாளை அவன் காலடியில் வைத்துவிட்டு, பிடிபட்டவர்கள் உட்காருவது போலக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள், அந்தத் தண்ணீரிலேயே. அவன் அவளைத் தோளில் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். "ஒன்னயப் புடிக்க வரல. தண்ணியப் பாரு, காலுக்குக் கீழ பாரு."

பக்கத்துப் புதரிலிருந்து ராசாத்தி தானாகவே எழுந்து வந்தாள். சேலை ஒரு பக்கம் முழுவதும் நனைந்திருந்தது. படுத்திருந்த இடத்தில் தண்ணீர் காதுக்கு வரும்வரை படுத்திருந்திருக்கிறாள்.

"ராக்காயி எங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கேக்குறேன்ல? எங்க அவ?"

"அக்கா இன்னிக்கி வரலீங்க" என்றாள் ராசாத்தி.

பிடிபட்டவள் அடுத்தவளைக் காட்டிக் கொடுக்கக் கூடாது. அதுவும் ஊர்க் கட்டுப்பாடுதான். காட்டிக் கொடுத்தவளுக்கு அந்த ஊரில் நெருப்புக்கூட ஒருத்தியும் தரமாட்டாள்.

"மூணு கட்டு கெடக்கு, மூளியலங்காரி! மூணு கட்டு!" ஆண்டிச்சாமியின் குரல் கீச்சிட்டது. "அவ சாகப் போறாடி!"

ராசாத்தி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்தாள். "ஆத்துப் பக்கம் போச்சு. அங்கிட்டு நாவமரம் முறிஞ்சு கெடக்காம்" என்று சொல்லிவிட்டு, அவளே கத்தத் தொடங்கினாள். "அக்கா! வா அக்கா! நெசமாவே தண்ணி வருது! அக்கா!"

ராக்காயிக்கு அது கேட்டிருக்கும். முதலில் விசில் கேட்டிருக்கும், பிறகு அமராவதியின் அலறல் கேட்டிருக்கும், இப்போது ராசாத்தியின் கத்தல். விசிலுக்குப் பிறகு வரும் கத்தலுக்கு அவள் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வாள்? ராசாத்தியைப் பிடித்துவிட்டான், அவளை வைத்துக் கூப்பிட வைக்கிறான். வேறு என்ன?

ஆண்டிச்சாமி ஆற்றுப் பக்கம் ஓடினான். காடு அந்தப் பக்கம் சரிந்து இறங்கும். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. முறிந்து கிடந்த நாவல் மரத்துக்கு அப்பால் அவள் நின்றாள். கையில் அரிவாள். சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டியிருந்தாள். அவனைப் பார்த்ததும் ஓடினாள்.

அவன் துரத்தினான். அவள் இன்னும் கீழே ஓடினாள், ஆற்றை நோக்கி. அவன் வேகம் கூட்டினால் அவளும் கூட்டினாள். கடைசியில் ஆண்டிச்சாமி நின்றுவிட்டான். வெறுங்கையை உயர்த்திக் காட்டினான்.

"ராக்காயி, ஓடாத. ஆத்தா, ஒன்னயக் கும்புடுறேன். கம்மா ஒடஞ்சிருச்சு. சத்தியமா."

அவளும் நின்றாள். மூச்சு வாங்கியது. இருவருக்கும் நடுவே கிளைகளும் செத்தைகளும் மிதந்து போயின.

"அன்னைக்கும் சத்தியமாத்தானய்யா சொன்னீரு" என்றாள்.

"அன்னைக்குப் பொய். இன்னைக்கு நெசம். தண்ணியப் பாரேன்!"

"தண்ணி வருசா வருசந்தான் வருது. நீரு வெளிய போம். நான் வாரேன்."

அது நியாயமான பேச்சு. மற்ற எந்த நாளிலும் அது போதும். அவன் போனால் அவள் வருவாள். அவன் நின்றால் அவளும் நிற்பாள், அல்லது மேலும் இறங்குவாள். அப்போது மேற்கே ஒரு சத்தம் கேட்டது. லாரி ஏற்றத்தில் திணறுவது போன்ற சத்தம். அந்தப் பக்கம் லாரி போகும் ரோடு கிடையாது.

"போறேன். நான் போயிட்டேன். நீ ஒடனே வா. மேக்க போகாத, நேரா ஓடைக்கு வா" என்று சொல்லிவிட்டு அவன் திரும்பி ஓடினான். திரும்பிப் பார்த்தபோது அவள் அங்கே இல்லை. தாழம்புதர் மட்டும் அசைந்தது. அவன் முழுவதும் போகட்டும் என்று மறுபடி உள்ளே பதுங்கிவிட்டாள்.

காரைச்செடி அடியில் ராசாத்தியும் அமராவதியும் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். இருவரையும் தள்ளிக்கொண்டு ஓடைக்கு வந்தான். மேட்டில் சேவுகனும் உடையப்பனும் வந்து சேர்ந்திருந்தார்கள். வண்டிக்கயிற்றை வீசினார்கள். ஓடையில் தண்ணீர் கழுத்துக்கு இருந்தது. அமராவதிக்குக் கால் எட்டவில்லை. ஆண்டிச்சாமி அவளை முடியைப் பிடித்து மிதக்கவிட்டு இழுத்து வந்தான். ராசாத்தி கயிற்றைப் பல்லாலும் பிடித்திருந்தாள்.

கரையேறியதும் உடையப்பன் கேட்டான், "அவ எங்க?"

"வாரா. வாரேன்னு சொன்னா."

உடையப்பன் ஓடையில் இறங்கப் போனான். சேவுகன் அவனைக் கட்டிப் பிடித்தான். உடையப்பன் திமிறிக்கொண்டே மனைவியின் பேரைச் சொல்லிக் கத்தினான். முதல் இரண்டு தடவை அது காட்டுக்குள் போயிருக்கலாம். மூன்றாவது தடவை கத்தும்போது மேற்கிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது. செம்மண் நிறத்தில், பனைமட்டையும் வைக்கோற்போரும் செத்த ஆடும் சுமந்துகொண்டு, ஆறும் ஓடையும் ஒன்றாக. அந்த இரைச்சலில் உடையப்பன் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

காரையும் சூரையும் முங்கின. தாழம்புதர்கள் முங்கின. பெரிய மரங்களின் தலைகள் மட்டும் வெளியே நின்று ஆடின. எந்த மரத்திலும் ஆள் இல்லை. சற்று நேரத்தில் மூன்று விறகுக்கட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வந்து மேட்டோரம் போயின. நன்றாகக் கட்டியிருந்ததால் அவிழவில்லை.

மேட்டில் ஜப்தி விறகு அப்படியே இருந்தது. அதில் ஒரு கட்டைகூடக் குறையவில்லை.

பிற்பகலில் ஊர் முழுவதும் மேட்டுக்கு வந்துவிட்டது. மருதவயலுக்கு வெளியே போகும் வழிகள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருந்தன. ஊர் அம்பலக்காரர் சோலையப்பன் ராசாத்தியையும் அமராவதியையும் விசாரித்தார். கார்டுதான் இழுத்து வந்து கரை சேர்த்தார் என்று அவர்கள் சொன்னார்கள். கூட்டத்தில் ஒருவன் குறுக்கே கேட்டான்.

"அது இருக்கட்டும். விசில் அடிச்சது யாரு?"

யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. ஊருக்கே கேட்டிருந்தது.

"நான் சொன்னேன், ஊதாதீங்கன்னு" என்றான் சேவுகன். மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

ஆண்டிச்சாமி அவன் பக்கம் திரும்பினான். "நீ சொன்னியா? காலம்பறயிருந்து வெறகு தூக்குனியே, அப்ப எங்கடா போச்சு ஒன் வாயி? அம்பலக்காரரே, இவன்தான் இவளுகள உள்ள விட்டது. மாசக்கணக்கா விடுறான். தெரியுமா?"

"தெரியுமே" என்றார் சோலையப்பன்.

ஆண்டிச்சாமி கூட்டத்தைப் பார்த்தான். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கிழவர்களுக்கு, கைப்பிள்ளைக்காரிகளுக்கு, எல்லோருக்கும்.

ஜப்தி விறகிலிருந்து ஒரு கட்டை பறந்து வந்து அவன் நெற்றியில் பட்டது. யார் எறிந்தது என்று தெரியவில்லை. இரத்தம் கண்ணில் இறங்கியது. உடையப்பனின் தம்பி, ராசாத்தியின் புருஷன், இரண்டாவது கட்டையை எடுத்தான். சோலையப்பன் நடுவில் வந்து நின்றார்.

"அப்பறம் அடிச்சுக்கிரலாம்டா. வெளிச்சம் இருக்கு. வாழைய வெட்டித் தெப்பம் கட்டுங்க. கெழக்க, ஆறு திரும்புற எடத்துல மூங்கப் பொதரெல்லாம் மேட்டுலதான் இருக்கு. தண்ணி அவள அங்க கொண்டாந்து விட்டிருந்தா புடிச்சுக்கிட்டு இருப்பா. புடிச்சுக்கிட்டு இருந்தவுங்க உண்டு."

ஆட்கள் வாழைத்தோப்புக்கு ஓடினார்கள். பெண்கள் கயிறு சேகரித்தார்கள். ஆண்டிச்சாமி பனியனால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அம்பலக்காரரிடம் வந்தான்.

"நானும் வாரேன். அந்தப் பக்கம் ஒவ்வொரு பொதரும் எனக்குத் தெரியும். ஆள் எங்க ஒதுங்கும்னு தெரியும். தேடிக் குடுத்துட்டுப் போறேன், அப்பறம் என்ன வேணாச் செய்யுங்க."

சோலையப்பன் யோசித்தார். கார்டுக்கு நீச்சல் தெரியும் என்பது பெண்கள் இருவரும் சொன்னதிலிருந்தே தெரிந்திருந்தது.

"வேணாம்."

சொன்னது உடையப்பன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், குரல் வெறும் காற்றாக வந்தது.

"ஒடையப்பா, அந்த மனுசன் ரெண்டு பேரக் கரையேத்திருக்காரு..."

"அதுக்கில்ல. எம் பொண்டாட்டி எங்கயாச்சும் கெளையப் புடிச்சுக்கிட்டு உசுரோட இருக்கான்னு வையிங்க. இருட்டப் போவுது. நாம கூப்புட்டாத்தான் அவ கொரல் குடுப்பா. இந்தாளு கொரலு பக்கத்துல கேட்டுச்சுன்னா வாயத் தொறக்க மாட்டா."

ஆண்டிச்சாமி வாழைத்தோப்புப் பக்கம் பார்த்தான்.

"வரல" என்றான் கடைசியில். "நீங்க போங்க. நான் இங்கனயே இருக்கேன்."

"இங்கன இருந்தா இவன் தம்பிமாரு சும்மா விடமாட்டானுக. ஒங்களுக்குக் காவலுக்கு ஆளும் போட முடியாது, அம்புட்டுப் பேரும் தேடப் போகணும்" என்றார் சோலையப்பன். "கோயில் வாகனக் கொட்டடி இருக்கு. கல்லுக் கட்டடம். சாவி எங்கிட்டத்தான்."

ஆண்டிச்சாமி முன்னால் நடந்தான். யாரும் அவனைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. ஊருக்குள் தெரு காலியாக இருந்தது. ராக்காயி வீட்டு வாசலில் அவள் மகன் ஒரு கிழவியின் மடியில் தூங்கிவிட்டிருந்தான். ஆண்டிச்சாமி அந்தப் பக்கம் பார்க்காமல் கடந்தான். ஆற்றங்கரையிலிருந்து கூப்பிடும் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஆண் குரல்கள், இடையே ராசாத்தியின் குரல்.

கொட்டடிக்குள் வௌவால் நாற்றம் அடித்தது. மரக்குதிரைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது.

"உள்ளேருந்து சத்தம் போடாதீங்க. ஆத்துக்குக் கேக்கும்" என்றார் சோலையப்பன்.

"போடல."

"அவ கெடச்சா வந்து தெறந்துவிடுறேன்."

"கெடைக்காட்டி?"

சோலையப்பன் கதவைத் திறந்து பிடித்தார். ஆண்டிச்சாமி குனிந்து உள்ளே போனான். அவர் கதவைச் சாத்தி, பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை மடியில் செருகிக்கொண்டு ஆற்றை நோக்கி ஓடினார்.